எல்லையோர ஊர்களிலிருந்து லேசர் கண் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பவர் பார்ப்பதுதான் தொழில். "லேசர் பண்ணி கண்ணாடியைக் கழட்டிடலாமா அண்ணா?" என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கல்யாணம் நிச்சயமான பெண்கள், போலீஸ், ரயில்வே என்று தேர்வு எழுதுகிற பையன்கள், கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் பாதுகாப்புக் கண்ணாடிக்கு உள்ளே பவர் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வேர்வையில் அவதிப்படுகிறவர்கள். வேலந்தாவளம் தாண்டிப் போனால் கோயம்புத்தூர், இந்தப் பக்கம் பாலக்காடு. இரண்டு பக்கமும் கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி கிடைப்பது நமக்குக் கஷ்டமில்லை. போவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும், அங்கே என்ன கேட்க வேண்டும், திரும்பி வந்து இந்தக் காற்றிலும் புழுதியிலும் கண்ணை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதைத்தான் யாரும் வரிசையாகச் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசர் போடுகிற நாளைவிடப் பரிசோதனை நாள்தான் பெரிய நாள். உங்கள் கண்ணுக்கு இது ஒத்துவருமா இல்லையா என்பது அன்றைக்குத்தான் முடிவாகிறது. "உங்களுக்கு வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வரும் மனசோடுதான் கிளம்ப வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

வயது 18 முடிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பவர் நின்றிருக்க வேண்டும். கடந்த ஒரு வருஷத்தில் அரைப் பவருக்கு மேல் மாறியிருந்தால் பொறுத்திருங்கள். ஏறிக்கொண்டிருக்கிற பவருக்கு லேசர் செய்தால், அது பிறகும் ஏறும், மறுபடி கண்ணாடிதான். இதை ஆஸ்பத்திரியில் காட்ட பழைய சீட்டு வேண்டும். சீட்டு தொலைந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். பரவாயில்லை, வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடியை எந்தக் கடைக்காவது கொண்டுபோங்கள். மெஷினில் வைத்தால் அதன் பவர் தெரிந்துவிடும். இரண்டு மூன்று பழைய கண்ணாடிகள் இருந்தால் பவர் எப்படி நகர்ந்தது என்பதும் தெரியும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கிற தாய்மார்களும் இப்போது செய்யக் கூடாது. அந்தக் காலத்தில் பவர் நிலையாக இருக்காது. முடக்குவாதம் போன்ற நோய்கள், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, முன்பு எப்போதாவது கண்ணில் வந்த ஹெர்பிஸ் புண் இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அது கண்ணை வறட்சியாக்கும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இளநீர்க்குழம்பு என்ற ஆயுர்வேதக் கண் மருந்து இருக்கிறது; கண் எரிந்தால் உடனே அதை எழுதுவார்கள். பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அதைப் போடுவதை அவரிடம் சொல்லுங்கள்.

வேலைக்காகச் செய்கிறவர்கள் முதலில் வேலை அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படியுங்கள். ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் போன்ற பதவிகளுக்கு லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களை எடுப்பதில்லை. கண்ணாடி இல்லாமல் பார்வை வேண்டும் என்று போட்டிருப்பதைப் பார்த்து லேசர் செய்துகொண்டு, அதனாலேயே தகுதி போவது எவ்வளவு பெரிய வருத்தம்! ராணுவம், போலீஸ், ரயில்வே எல்லாவற்றிலும் விதி வேறு வேறு.

கல்யாணத்துக்காகச் செய்கிற பெண்கள் தேதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு செய்துகொண்டால் மை எழுத முடியாது, கண்ணில் மேக்கப் போட முடியாது, ஹோமப் புகையில் உட்கார முடியாது. குறைந்தது இரண்டு மூன்று மாதம் இடைவெளி இருக்கட்டும்.

நாற்பதை நெருங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூரத்துப் பார்வையை லேசர் சரிசெய்யும், வெள்ளெழுத்தைத் தடுக்காது. நாற்பதுக்கு மேல் பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். இப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டத்தில் படிக்கிற கிட்டப்பார்வைக்காரர்களுக்கு, லேசருக்குப் பிறகு அந்த வசதியும் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

லென்ஸ் போடுகிறவர்கள்

கான்டாக்ட் லென்ஸ், கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற கருவிழியை லேசாக அமுக்கி அதன் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். அந்த நிலையில் அளவெடுத்தால் அளவே தப்பாகிவிடும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வந்துவிடுங்கள். சரியாக எத்தனை நாள் என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பரிசோதனை நாள்

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். கண்ணின் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள், அப்புறம் பல மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் கூசும். பைக்கில் போய்விட்டுத் தானே ஓட்டி வரலாம் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறுவதற்குக்கூட போர்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒரு கூலிங் கிளாஸும் பையில் இருக்கட்டும்.

முதலில் பவர், கண் அழுத்தம். அப்புறம் கண்ணீர்ச் சோதனை. ஒரு சின்ன வடிதாள் பட்டையை மடித்துக் கீழ் இமைக்குள் சொருகி ஐந்து நிமிஷம் உட்கார வைப்பார்கள். கண்ணீர் ஊறிப் பட்டையில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 10 மில்லிமீட்டருக்கும் கீழே என்றால் கண் வறட்சி இருக்கலாம் என்று அர்த்தம். சோதனைக்கு முன்னால் சும்மா உறுத்துகிறதென்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கணக்கு மாறிவிடும். நம் பக்கத்து ஆட்களுக்கு இது லேசான விஷயமல்ல. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வருகிற வறண்ட காற்றும் கண்ணை ஏற்கெனவே காய வைத்திருக்கும். லேசருக்குப் பிறகு சில மாதங்களுக்கு வறட்சி கூடும். அதனால் முன்பே வறட்சி இருப்பவர்களுக்கு முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

அடுத்தது டோபோகிராபி. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரிகிற வெளிச்சத்தைக் கண் சிமிட்டாமல் பார்க்கச் சொல்வார்கள். சில நொடிகளில் கம்ப்யூட்டரில் உங்கள் கருவிழி ஒரு வண்ணப் படமாக வந்துவிடும். மேடான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். அந்தப் படத்தை உங்களுக்குக் காட்டி விளக்கச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுத்து எடுத்த படம், கேட்பதில் தப்பே இல்லை. கீழ்ப்பாதியில் மட்டும் சிவப்பு ஒதுங்கியிருந்தால் டாக்டர் நிறுத்தி யோசிப்பார். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும். அதற்கான அடையாளம் லேசாக இருந்தால்கூட லேசர் செய்யக் கூடாது. இருக்கிற பலவீனத்தை அது இன்னும் கூட்டிவிடும்.

முதலமடையில் மாங்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சின்ன வயதிலிருந்தே அலர்ஜி, எப்போதும் புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். விடாமல் கண்ணைத் தேய்ப்பது கெரட்டோகோனஸுக்கு வழி விடுகிற பழக்கம். அழுதுகொண்டே கடைக்கு வந்தார். அந்தச் சோதனையில்தான் நோயே தெரிந்தது, அது ஏறாமல் நிறுத்த கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சை இருக்கிறது என்று உட்கார வைத்துச் சொன்னேன். அன்றைக்கு யாராவது அவசரப்பட்டு லேசர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

அப்புறம் கருவிழியின் கனம். நடுவில் ஏறக்குறைய 540 மைக்ரான் இருக்கும், அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பவரைக் குறைக்க லேசர் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை எடுக்கும். லேசிக் முறையில் மேலே தூக்குகிற அடுக்கு 100 முதல் 120 மைக்ரான். இதெல்லாம் போகக் கீழே குறைந்தது 250 மைக்ரான் மிச்சம் இருக்க வேண்டும்; 300 இருந்தால்தான் நிம்மதி என்கிற டாக்டர்கள் பலர். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுக்கு 110, ஒரு பவருக்கு 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். கனம் 540, பவர் மைனஸ் 6 என்றால் 110ம் 84ம் போக 346 மிச்சம், சரி. கனம் 480, பவர் மைனஸ் 9 என்றால் 244தான் மிஞ்சும், லேசிக் முடியாது. "என் கனம் எவ்வளவு, எத்தனை மைக்ரான் எடுப்பார்கள், எவ்வளவு மிஞ்சும்?" என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் கேட்டுவரச் சொல்வேன். இந்த மூன்று எண்ணையும் பொறுமையாகச் சொல்கிற இடத்தை நம்பலாம்.

கடைசியாக விழித்திரை. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரையின் ஓரம் மெலிந்திருக்கலாம், சின்ன ஓட்டை இருக்கலாம். இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டுத்தான் மற்றது.

லேசர் என்ன செய்கிறது

"லேசர்ன்னா கண்ணு கருகிடாதா?" என்று கேட்காத அம்மா கிடையாது. கருகாது. இதில் பெரும்பாலான முறைகளில் பயன்படுகிற எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. சுற்றியுள்ள சதையைச் சூடாக்காமல் பட்ட இடத்தை மட்டும் மைக்ரான் கணக்கில் சீவி எடுக்கும். இந்தக் குணத்தை 1981ல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், மதராஸில் பிறந்து மதராஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் லேசரைச் செலுத்தி, ஓரம் கருகாமல் வெட்டுகிறதைப் பார்த்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் இன்றைய சிகிச்சை.

முறைகள் மூன்று. பிஆர்கே முறையில் கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசர் போடுவார்கள். இரண்டு மூன்று நாள் நன்றாக வலிக்கும், கண்ணில் நான்கைந்து நாள் பாதுகாப்பு லென்ஸ் இருக்கும், பார்வை தெளியச் சில வாரம் ஆகும். ஆனால் மெல்லிய கருவிழிக்கும், கண்ணில் அடிபடக்கூடிய வேலைக்கும் இது நல்லது. லேசிக்கில் புத்தகத் தாளைப் புரட்டுவதுபோல மேலடுக்கைப் புரட்டி, லேசர் போட்டு, திரும்ப மூடிவிடுவார்கள். வலி குறைவு, மறுநாளே பார்வை தெரியும். அந்த அடுக்கு பலமான அடி பட்டால் நகரக்கூடும், கபடி விளையாடுகிறவர்களும் குஸ்திக்காரர்களும் இதை டாக்டரிடம் பேச வேண்டும். ஸ்மைல் முறையில் ஃபெம்டோசெகண்ட் என்ற வேறு வகை லேசரால் உள்ளே ஒரு மெல்லிய வில்லையைச் செதுக்கி, சின்னக் கீறல் வழியாக வெளியே எடுப்பார்கள். புரட்டுகிற அடுக்கு கிடையாது, வறட்சியும் குறைவாக இருக்கும். மைனஸ் பவருக்கும் சிலிண்டர் பவருக்கும்தான் இது பெரும்பாலும் செய்யப்படுகிறது.

பவர் மிக அதிகம், கருவிழி மெலிசு என்றால் கண்ணுக்குள்ளேயே ஐசிஎல் என்ற லென்ஸை வைக்கும் வழி இருக்கிறது. அது லேசர் அல்ல, செலவும் கூடுதல். எது புதுசு, எது விலை கூட என்று பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். உங்கள் கண்ணும் உங்கள் வேலையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணம், படிவம்

முறையையும் ஆஸ்பத்திரியையும் பொறுத்துச் சில பத்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். சொல்கிற தொகை ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, பரிசோதனையும் மருந்தும் மறுபரிசோதனையும் சேர்ந்ததா, பிறகு சின்னப் பவர் மிஞ்சி மறுபடி செய்ய வேண்டிவந்தால் காசு உண்டா என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டில் 7.5க்குக் குறைந்த பவருக்கான சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது என்பது பொதுவான விதி. அதற்கு மேல் பவர் உள்ளவர்கள் பாலிசியை எடுத்துப் படித்துவிட்டுக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

பாலக்காடு, திருச்சூர்ப் பக்கம் ஒப்புதல் படிவம் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். சித்தூர்த் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்த நம்மில் பலருக்கு மலையாளம் பேசினால் புரியும், படிக்க வராது. வெட்கப்பட வேண்டாம். "இதை வாசித்துச் சொல்லுங்கள்" என்று நர்ஸிடம் கேளுங்கள், புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சிகிச்சை நாள்

தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள். மை, பவுடர், சென்ட் எதுவும் கூடாது. மையைச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். மரத்துப்போகச் சொட்டு மருந்துதான், ஊசி கிடையாது. இமையைத் திறந்து பிடிக்க ஒரு கிளிப் வைப்பார்கள். லேசிக்கிலும் ஸ்மைலிலும் கண்ணை ஒரு வளையம் அமுக்கிப் பிடிக்கும்போது சில நொடிகள் பார்வை மங்கும், இருட்டிக்கொண்டுகூட வரும். பயப்படாதீர்கள், அது இயல்பு. பிறகு ஒரு வெளிச்சப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். முடி கருகுவது மாதிரி ஒரு வாசனை வரலாம், அதுவும் இயல்புதான். லேசர் ஓடுவது நொடிக்கணக்கில்தான். இரண்டு கண்ணும் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அன்றைக்குச் சில மணி நேரம் மண் விழுந்ததுபோல் உறுத்தும், எரியும், தண்ணீர் கொட்டும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடித் தூங்குவதுதான் நல்ல மருந்து. மறுநாள் கட்டாயம் காட்ட வேண்டும், அதனால் மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் மாதிரித் தூரத்திலிருந்து போகிறவர்கள் அன்றிரவு அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குவது சௌகரியம். பஸ்ஸில் வருவதாக இருந்தால் ஜன்னலோரம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

கண்ணைக் கசக்கக் கூடாது. தூக்கத்தில் கை போய்விடும் என்பதால் ராத்திரி கண்மூடி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அதை விடாதீர்கள். ஒரு வாரம் கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது. தலைக்குக் குளிக்க வேண்டுமானால் அண்ணாந்து உட்கார்ந்து வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஏரி, கிணறு, வாய்க்கால் நீச்சல் ஒரு மாதத்துக்கு வேண்டாம். அடுப்படியில் கடுகு தாளிக்கிற, மிளகாய் வறுக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

தோப்பில் மருந்தடிக்கிறவர்கள், வெல்டிங் வேலை செய்கிறவர்கள், சோளத்தட்டு அறுக்கிறவர்கள் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை "ஒரு வாரம்" என்ற பொதுப் பதிலோடு விடாமல், வேலையை விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் நினைப்பது ஆபீஸ் வேலையாக இருக்கலாம். பைக்கில் போகும்போது பவர் இல்லாத, பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி போடுங்கள். என் கடையிலேயே லேசர் முடிந்தவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதுதான். பிஆர்கே செய்தவர்களுக்கு வெயில் படாமல் பார்ப்பது இன்னும் முக்கியம், புற ஊதா ஒளி பட்டால் கருவிழியில் மங்கல் படியலாம்.

சொட்டு மருந்துகளை ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே மொத்தமாக வாங்கிவிடுங்கள், அதே பெயரில் ஊரில் கிடைக்காமல் அலைய வேண்டாம். கை கழுவி, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு. பாட்டில் நுனி கண்ணில் படக் கூடாது. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷம் இடைவெளி. அதில் ஒன்று ஸ்டீராய்டு. அதைத் தானாகப் பாதியில் நிறுத்தவும் கூடாது, "நல்லா இருக்கே" என்று மெடிக்கலில் மறுபடி வாங்கித் தொடரவும் கூடாது. கூடுதல் நாள் போட்டால் கண் அழுத்தம் ஏறும், வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும். கண்ணீர்ச் சொட்டு மட்டும் மூன்று முதல் ஆறு மாதம் வரை போடச் சொல்லலாம்.

முதல் சில வாரம், சிலருக்குச் சில மாதம், இரவில் எதிரே வரும் லாரி வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் தெரியும். வாளையார் ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டுகிற டிரைவர்கள் அது தெளியும்வரை லீவு போட வேண்டும், அந்த வருமானத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு வட்டமும் வறட்சியும் முழுசாகப் போகாமல் கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு.

வலி கூடுவது, கண் சிவப்பது, பீளை தள்ளுவது, தெரிந்த பார்வை திடீரென்று குறைவது, கண்ணில் அடிபடுவது இதில் எது நடந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியின் அவசர எண்ணை டிஸ்சார்ஜ் அன்றே துணைக்கு வந்தவர் போனிலும் பதிந்து வையுங்கள்.

அந்த ஃபைல்

பரிசோதனைப் படங்களும், லேசருக்கு முந்தைய பவரும், கருவிழியின் வளைவு அளவும் இருக்கிற காகிதங்களை ஆதாரும் ரேஷன் கார்டும் இருக்கிற பையில் பத்திரமாக வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். அறுபது வயதில் கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது, உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிட இந்தப் பழைய எண்கள் பெரிய உதவி. லேசர் போட்ட கருவிழியை அளந்து வழக்கமான கணக்கைப் போட்டால் லென்ஸ் பவர் தவறிவிடும். கண் அழுத்தம் பார்க்கும்போதும், கருவிழி மெலிந்திருப்பதால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் "எனக்கு லேசர் ஆகியிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கண்ணாடி போனாலும் கிட்டப்பார்வைக் கண்ணின் விழித்திரை அதே விழித்திரைதான், வருஷத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். கண்ணுக்குள் திடீரென்று மின்னல் அடிப்பது, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஒரு ஓரம் திரை போட்டதுபோல் மறைவது என்றால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள், அது எந்தப் பண்டிகை நாளாக இருந்தாலும்.